வீடும் நாமும்: குசினிக்கு ஒரு நல்ல நிலம்



வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடுகள் பலவற்றைப் பாருங்கள். சுவர் எழும்பியிருக்கும். கூரை ஏறியிருக்கும். முன்கதவும் பூட்டியிருக்கும். முன்னறைக்குச் சீமெந்து நிலமும் போட்டிருப்பார்கள். குசினி மட்டும் மண்ணாகவே கிடக்கும். "பிறகு பாப்பம்" என்று விட்டது ஐந்து வருடம், பத்து வருடம் ஆகியிருக்கும்.

இதற்குக் காரணம் எம் எல்லோருக்கும் தெரியும். 2012 ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்கு, கிழக்கில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா பகுதி பகுதியாக வழங்கப்பட்டது. பயனாளியே நின்று வீட்டைக் கட்டுவிக்க வேண்டும். கல், மணல், கூரை, மேசன் கூலி என்று பணம் போய்விட, நகையை அடைவு வைத்தும் கடன்பட்டும் முடித்தவர்கள் அநேகர். குசினி நிலம் கடைசி வேலை. ஆகவே முதலில் கைவிடப்பட்டதும் அதுதான். 2022 இல் ஒரு பை சீமெந்து 3,000 ரூபாவைத் தாண்டியபோது அந்த வேலை இன்னும் தள்ளிப் போனது.

ஆனால் ஒரு நாளில் நாம் அதிக நேரம் நிற்பதும், குனிவதும், குந்தி இருப்பதும் குசினியில்தான். மாரி வந்தால் மண் நிலம் ஊறுகிறது. அரிசி மூட்டையின் அடி பூஞ்சணம் பிடிக்கிறது. எலி வளை தோண்டுகிறது. எலிக்குப் பின்னால் பாம்பு வருகிறது. தவழ்கிற பிள்ளையை இறக்கிவிட மனம் வருவதில்லை. முழங்கால் நோவுள்ள அம்மாவுக்கு ஈர மண் இன்னும் நோவைக் கொடுக்கிறது.

8 அடிக்கு 10 அடி உள்ள ஒரு குசினிக்கு நிலம் போடுவது பெரிய வேலையல்ல. ஒரு மேசனும் உதவிக்கு ஒருவரும் இருந்தால் இரண்டு நாள் போதும். அயலில் நான்கு பெண்கள் சேர்ந்தால் மேசன் இல்லாமலே செய்யலாம். மீள்குடியேற்றத்தின் பின் எமது பெண்கள் எத்தனையோ பேர் மேசன் வேலை பழகி, சுவரே கட்டியிருக்கிறார்கள். நிலம் போடுவது சுவர் கட்டுவதிலும் இலகு. நீங்கள் கையால் செய்யாவிட்டாலும் வேலை எப்படி நடக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால், உங்கள் பணத்தை யாரும் வீணாக்க முடியாது. அதற்காகவே இம்மாதம் இதை எழுதுகிறோம்.

மெழுகிய நிலமா, மரமா, சீமெந்தா?

சாணம் மெழுகிய நிலம் குறைந்த நிலமல்ல. களிமண்ணையும் மணலையும் கலந்து இறுக்கி இடித்து, வாரம் ஒரு தடவை மெழுகி வந்தால் அது நன்றாகவே இருக்கும். கோடையில் குளிர்ச்சி. அடுப்புச் சூட்டுக்கு வெடிக்காது. செலவும் இல்லை. கையில் காசில்லாதவர்கள் அரைகுறையாகச் சீமெந்து போடுவதிலும் மண் நிலத்தை ஒரு சாண் உயர்த்தி, நன்றாக இடித்து மெழுகுவது மேல். ஈரமான, இடிக்காத மண்ணின் மேல் மெல்லிய சீமெந்துப் பூச்சுப் பூசினால் அது ஒரு மாரிக்குள் ஓடு ஓடாகக் கழன்றுவிடும். போட்ட காசும் மண்ணோடு போய்விடும்.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் உறவினரின் வீட்டுப் படங்களில் குசினி நிலம் பலகையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கனடாவில் வீடுகளே பெரும்பாலும் மரச் சட்டத்தில் எழுப்பப்படுகின்றன. நிலத்தடி ஈரம் பலகைக்கு ஏறாதபடி கீழே அடைத்து, பலகை வீங்கிச் சுருங்குவதற்குச் சுவரோரம் சிறிய இடைவெளி விட்டு, மேலே இரண்டு மூன்று தரம் வார்னிஷ் போன்ற பூச்சு அடிக்கிறார்கள். அப்படியும் குசினியில் தண்ணீர் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும். எமது ஊரில் மண்ணோடு ஒட்டிய நிலத்தில் பலகை போட்டால் கறையான் விடாது. மாரி ஈரத்தில் பலகை வளைந்துவிடும்.

ஆனாலும் அவர்கள் செய்வதில் ஒரு பாடம் உண்டு. கீழிருந்து ஈரம் ஏறக்கூடாது. மேலிருந்து தண்ணீரும் எண்ணெயும் இறங்கக்கூடாது. சீமெந்து நிலத்துக்கும் இதே விதிதான்.

முதலில் மண்ணைப் பாருங்கள்

நிலம் வெடிப்பதற்குக் காரணம் சீமெந்து குறைவு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அநேகமான வீடுகளில் பிழை கீழே மண்ணில் இருக்கிறது.

மேல்மண்ணை ஆறு அங்குலம் வரை வெட்டி அகற்றுங்கள். அதில் வேர், சருகு, சாம்பல் எல்லாம் இருக்கும். அவை உக்கும்போது நிலம் இறங்கும். கறையான் புற்று இருந்தால் அடி வரை தோண்டி எடுத்துவிடுங்கள். பின்னர் மணல் அல்லது கிரவல் போட்டு நிரப்புங்கள். ஒரே தடவையில் நிரப்பக் கூடாது. நாலு, ஆறு அங்குலம் போட்டு, தண்ணீர் தெளித்து, இடிகட்டையால் இடித்து, அதன்மேல் அடுத்த படை. குதிக்காலால் ஊன்றி மிதித்தால் குழி விழாத அளவுக்கு இறுக வேண்டும். முடிந்த நிலம் முற்றத்திலும் பார்க்க ஆறு அங்குலமாவது உயரமாக இருக்கட்டும். வெள்ளம் நிற்கும் காணி என்றால் இன்னும் உயர்த்துங்கள்.

எல்லா இடத்து மண்ணும் ஒன்றல்ல. வலிகாமத்துச் செம்மண் நன்றாக இறுகும். கரையோரத்து மணலுக்குத் தண்ணீர் விட்டு இடித்தால் அதுவும் நல்லது. மன்னாரில் முருங்கன் பக்கத்துக் கருங்களிமண் மழைக்கு வீங்கும், கோடைக்குப் பிளக்கும். அப்படியான மண்ணுள்ளவர்கள் ஒரு அடிக்குக் குறையாமல் களியை அகற்றிவிட்டுக் கிரவல் நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல சீமெந்தும் நிற்காது.

இடிந்த பழைய வீட்டின் கல்லும் ஓடும் காணியில் கிடந்தால் கைப்பிடி அளவாக உடைத்து நிரப்பலாம். பழைய வீடு புது வீட்டுக்கு அடியில் கிடந்து தாங்கட்டும். ஆனால் இரண்டு விடயங்களில் கவனம் தேவை. பழைய அஸ்பெஸ்ரஸ் தகடுகளை உடைத்து நிரப்ப வேண்டாம். அந்தத் தூசு சுவாசப்பைக்குக் கெடுதி. மற்றது, வடக்கில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முற்றாக முடியவில்லை. இடிபாட்டிலோ, மண் எடுக்கும் இடத்திலோ அறியாத இரும்புப் பொருள் தென்பட்டால் தொடவேண்டாம், தட்டிப் பார்க்கவும் வேண்டாம். வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். மண்டையோடு கீறிய பலகை உள்ள இடத்தில் எவ்வளவு நல்ல மணல் இருந்தாலும் எமக்கு வேண்டாம்.

எவ்வளவு சாமான் வேண்டும்?

8 அடிக்கு 10 அடி என்றால் 80 சதுர அடி. கீழே 3 அங்குலக் கொங்கிறீற், மேலே முக்கால் அங்குலப் பூச்சு. இதற்கான கணக்கு:

கொங்கிறீற்றுக்கு 1 பங்கு சீமெந்து, 3 பங்கு மணல், 6 பங்கு சல்லிக்கல். சீமெந்து இரண்டரைப் பை செல்லும். மணல் 9 அல்லது 10 கன அடி. சல்லி 19 கன அடி.

பூச்சுக்கு 1 பங்கு சீமெந்து, 3 பங்கு மணல். சீமெந்து ஒன்றேகால் பைக்குச் சற்றுக் கூட. மணல் 5 கன அடி.

மேலே மினுக்குவதற்குச் சீமெந்து ஒரு பையில் மூன்றில் ஒரு பங்கு.

ஆக, ஐந்து பை வாங்கினால் போதும். மிச்சப்படுவது சுவரோரத்தில் நாலு அங்குல உயரத்துக்கு அடிப்பூச்சுப் போட உதவும். யாராவது எட்டுப் பை, பத்துப் பை வேண்டும் என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

சல்லி ஒரு கியூப் என்பது 100 கன அடி. உங்கள் ஒரு குசினிக்கு அதில் ஐந்தில் ஒரு பங்குதான் தேவை. ஆகவே மாதர் சங்கத்தில் ஐந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு கியூப் சல்லியும் ஒரு கியூப் மணலும் எடுத்தால் ஏற்றுக்கூலி ஐந்தாகப் பிரியும். சீமெந்தையும் ஒன்றாக எடுத்தால் கடைக்காரரிடம் விலை கதைக்கலாம். ஒருவருடைய வீட்டில் வேலை நடக்கும்போது மற்ற நால்வரும் கை கொடுக்கலாம். முன்பு வயலில் நாம் கைமாற்றாக வேலை செய்தது போலத்தான்.

மணல் அனுமதியோடு ஏற்றுபவர்களிடம் வாங்குங்கள். கடற்கரை மணல் வேண்டாம். அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மணலை ஒரு பிடி எடுத்துக் கசக்கிப் பாருங்கள். கையில் சேறு ஒட்டினால் அது களி கலந்த மணல். கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மணலும் மேலே தண்ணீரும் விட்டுக் குலுக்கி மூன்று மணித்தியாலம் வைத்தால் மண்டி மேலே தனிப் படையாக நிற்கும். மண்டி தடிப்பாக நின்றால் அந்த மணலைக் கழுவி எடுங்கள், அல்லது திருப்பி அனுப்புங்கள்.

சீமெந்துப் பையில் திகதியைப் பார்த்து வாங்குங்கள். மூன்று மாதம் கடந்த சீமெந்து பலம் குறைந்தது. பையை விரலால் அமத்தும்போது கட்டி கட்டியாகத் தட்டுப்பட்டால் வாங்க வேண்டாம். வீட்டில் வைக்கும்போது மண்ணில் வைக்காமல் பலகை அடுக்கி, சுவரில் முட்டாமல் வைத்துத் தறப்பாளால் மூடுங்கள்.

அளவுப் பெட்டி

இந்த வேலையில் ஏமாற்றத்தைத் தடுக்கும் ஒரே ஆயுதம் ஒரு மரப்பெட்டி. உள் அளவு நீளம் 1 அடி, அகலம் 1 அடி, உயரம் 15 அங்குலம். இந்தப் பெட்டியில் ஒரு பை சீமெந்து, அதாவது 50 கிலோ, சரியாகப் பிடிக்கும். ஒரு பை சீமெந்துக்கு மூன்று பெட்டி மணல், ஆறு பெட்டி சல்லி. எழுத வாசிக்கத் தெரியாத அம்மாவும் இதை எண்ணிக்கொள்ளலாம்.

மண்வெட்டியால் அள்ளிப் போட்டு "கண் கணக்கு" என்று சொல்வதை ஏற்கவேண்டாம். ஈர மணல் உலர்ந்த மணலிலும் பார்க்கக் கூட இடம் பிடிக்கும். நனைந்த மணல் என்றால் பெட்டிக்கு மேல் கொஞ்சம் குவித்துப் போடுங்கள்.

மேசனோடு கதைக்கும்போது

வீட்டில் ஆண்துணை இல்லை என்று தெரிந்ததும் கணக்கை மாற்றுகிறவர்கள் சிலர் உண்டு. எல்லா மேசன்மாரும் அப்படியல்ல. நல்ல வேலைகாரர் கேள்வி கேட்டால் கோபிக்கமாட்டார். ஆகவே தயங்காமல் கேளுங்கள்.

வேலை தொடங்க முன்னரே நாட்கூலியா, சதுர அடிக் கணக்கா என்று பேசி, ஒரு கொப்பித் தாளில் எழுதி, இருவரும் ஒப்பம் வையுங்கள். மண் இடித்தல், கொங்கிறீற், பூச்சு, மினுக்குதல் எல்லாம் அந்தக் கூலிக்குள் அடங்குமா என்றும் எழுதுங்கள். கூலியை மூன்றாகப் பிரியுங்கள். கொங்கிறீற் முடிய ஒரு பங்கு. பூச்சு முடிய ஒரு பங்கு. ஒரு வாரத்தின் பின் தட்டிப் பார்த்து, பொள்ளல் சத்தம் இல்லாவிட்டால் மிச்சம். முற்பணமாக முழுவதையும் கொடுக்க வேண்டாம்.

கலவை போடும் நேரம் நீங்களோ உங்கள் ஆள் ஒருவரோ பக்கத்தில் நில்லுங்கள். வெறும் பைகளை எடுத்து ஒருபுறம் அடுக்கி வைத்துப் பின்னேரம் எண்ணுங்கள். "அக்கா, இது காணும், நான் எத்தனை வீடு செய்தனான்" என்று சொன்னால், "ஓம் தம்பி, எண்டாலும் பெட்டியால அளந்து போடுங்கோ" என்று சொல்லுங்கள். அமைதியாகச் சொன்னால் போதும். பணம் உங்களுடையது. அந்த நிலத்தில் இருக்கப் போவதும் நீங்கள்தான்.

முதல் நாள்: கொங்கிறீற்

இடித்த மண்ணின் மேல் தடித்த கறுப்புப் பொலித்தீனை விரியுங்கள். இதுதான் கீழிருந்து ஈரம் ஏறாமல் தடுக்கும் அடைப்பு. கிழிசல் இருக்கக் கூடாது. இரண்டு துண்டு என்றால் ஒன்றின் மேல் மற்றது ஒரு அடி ஏறி நிற்கவேண்டும். சுவரோரத்தில் மூன்று, நாலு அங்குலம் மேலே மடித்து விடுங்கள். கூர்க் கல் குத்தாமலிருக்கக் கீழே ஒரு அங்குலம் மணல் தூவுவது நல்லது. பொலித்தீனுக்குச் செலவழிக்கும் சிறு தொகையை மிச்சம் பிடிக்க வேண்டாம். பிறகு நினைத்தாலும் வைக்க முடியாது.

மட்டம் பார்க்கக் கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் குழாய் போதும். காற்றுக் குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரண்டு அந்தங்களையும் இரண்டு மூலைகளில் பிடித்தால் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அதன்படி சுவரில் கோடு கீறுங்கள். பின்கதவுப் பக்கம் 10 அடிக்கு ஓரங்குலம் சரிவு வையுங்கள். கழுவும்போது தண்ணீர் தானாக ஓடும்.

கலவையை மண்ணில் போட்டுக் குழைக்க வேண்டாம். தகரத்திலோ பழைய சீமெந்துத் தரையிலோ போடுங்கள். அரைப் பை, அரைப் பையாகக் கலப்பது எமக்கு இலகு. பாரமும் குறையும், கலவையும் காயாது. மணலையும் சீமெந்தையும் உலர்வாக மூன்று தரம் புரட்டி, ஒரே நிறம் வந்த பின் சல்லி சேருங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஒரு பைக்கு 30 லீற்றருக்குள் முடிய வேண்டும். மணல் ஈரமென்றால் இன்னும் குறையும். கையில் ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் வடியக் கூடாது. கூழ் போலக் குழைத்தால் இழுப்பதற்கு இலகுவாக இருக்கும், ஆனால் காய்ந்ததும் வெடிக்கும், தூள் பறக்கும். "தண்ணி கூட விடுங்கோ" என்று யார் சொன்னாலும் கேட்கவேண்டாம்.

தூர மூலையில் தொடங்கிக் கதவை நோக்கி வாருங்கள். போட்ட கொங்கிறீற்றைப் பலகை விளிம்பால் தட்டித் தட்டி இறுக்குங்கள். மேற்பரப்பை மினுக்க வேண்டாம். தும்புத்தடியால் கீறிக் கரடாக விடுங்கள். அப்போதுதான் அடுத்த நாள் பூச்சு பிடிக்கும். தண்ணீர் விட்ட கலவையை ஒரு மணித்தியாலத்துக்குள் போட்டு முடியுங்கள். இறுகத் தொடங்கிய கலவைக்குத் திரும்பத் தண்ணீர் விட்டுக் குழைப்பது பலத்தைக் கெடுக்கும்.

இரண்டாம் நாள்: பூச்சு

கொங்கிறீற்றைக் கூட்டி, கழுவி, நனைத்து விடுங்கள். தேங்கி நிற்கும் தண்ணீரை ஒற்றி எடுத்து, சீமெந்தைப் பால் போலக் கரைத்துத் தும்புத்தடியால் பூசுங்கள். அது காய முன்னர் பூச்சுச் சாந்தைப் போட்டு, மட்டக்கோலால் இழுத்து, மரக் கட்டையால் தேயுங்கள்.

நடுவில் நூல் பிடித்து, சாந்தகப்பை விளிம்பால் நேராக ஒரு கோடு வெட்டி 8 அடிக்கு 5 அடியாக இரண்டு பகுதியாக்குங்கள். வெடிப்பு வருவதானால் அந்தக் கோட்டில் அடங்கும்.

பெருவிரலால் அமத்தினால் மெல்லிய அடையாளம் மட்டும் விழும் நேரம் மினுக்கும் நேரம். சீமெந்தைக் களியாகக் குழைத்து மெல்லியதாகப் பரப்பி, இரும்புச் சாந்தகப்பையால் இழுத்து மினுக்குங்கள். மேலே தண்ணீர் ஊறி வந்தால் அது போகும்வரை பொறுங்கள். உலர் சீமெந்தைத் தூவி உறிஞ்ச வைக்கக் கூடாது. அப்படிச் செய்த நிலத்தில்தான் தலைமயிர் போல வெடிப்புகள் பரவுகின்றன.

பழைய யாழ்ப்பாணத்து வீடுகளில் பார்த்திருப்பீர்களே, சிவப்புச் சீமெந்து நிலம். விருப்பமானால் நீங்களும் போடலாம். 10 கிலோ சீமெந்துக்கு 1 கிலோ சிவப்பு ஒட்சைட் தூள். இதிலும் கூட்ட வேண்டாம். மேல் மினுக்குக்கு மட்டும் கலந்தால் ஒன்றரைக் கிலோ தூள் போதும். முழு நிலத்துக்கும் தேவையானதை உலர்வாக ஒரே தடவையில் கலந்து வையுங்கள். இரண்டு தடவை கலந்தால் நிறம் இரண்டாகத் தெரியும்.

கதவடியும் பாத்திரம் கழுவும் இடமும் அதிகம் மினுங்கக் கூடாது. நனைந்தால் வழுக்கும். அங்கே மரக்கட்டைத் தேய்ப்போடு விட்டு விடுங்கள்.

ஏழு நாள் பொறுமை

சீமெந்து காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரைக் குடித்துத்தான் இறுகுகிறது. இது தெரியாததால்தான் பலரின் நிலம் இரண்டு வருடத்தில் தூளாகிறது. அடுத்த நாள் காலையிலிருந்து ஏழு நாள் நிலம் ஈரமாகவே இருக்க வேண்டும். சாக்கை நனைத்து விரித்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். வன்னியில் கோடையில் கிணறு வற்றியிருக்கும். அப்படியானால் ஒரு தடவை நன்றாக நனைத்துப் பொலித்தீனால் மூடி, ஓரங்களில் கல் வையுங்கள். ஈரம் உள்ளேயே நிற்கும். சிவப்பு நிலத்துக்குச் சாக்கின் கறை பிடிக்கும், அதற்கும் பொலித்தீனே நல்லது.

முதல் நாள் யாரும் மிதிக்கக் கூடாது. மூன்றாம் நாள் மெதுவாக நடக்கலாம். அம்மி, உரல், அரிசி மூட்டை எல்லாம் இரண்டு வாரத்தின் பின். இந்த நாட்களில் அயல் வீட்டில் சமைக்க ஒழுங்கு செய்துகொள்ளுங்கள்.

மேலே அடைப்பு

சீமெந்து நிலத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. தேங்காயெண்ணெய், மஞ்சள், மீன் தண்ணீர் எல்லாம் அதற்குள் இறங்கும். புளியும் தேசிக்காயும் வினாகிரியும் சீமெந்தை அரிக்கும். ஆகவே மேற்பரப்பை அடைக்க வேண்டும்.

இதற்கு அவசரம் வேண்டாம். நான்கு வாரம் போகட்டும். பிறகு ஒன்றரை அடிச் சதுரமான கண்ணாடிப் பொலித்தீன் துண்டை நிலத்தில் வைத்து, நான்கு ஓரமும் ரேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். கீழ்ப்புறம் நீர்த்துளி பிடித்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. பொறுத்துத்தான் அடைக்க வேண்டும். ஈரத்தை உள்ளே வைத்து அடைத்தால் பூச்சு வெளிறிக் கழன்றுவிடும்.

மலிவான வழி மெழுகுப் பொலிஷ். துணியால் மிக மெல்லியதாகப் பூசி, அரை மணித்தியாலம் விட்டு, தேங்காய்ப் பொச்சால் தேய்த்து மினுக்குங்கள். தடிப்பாகப் பூசினால் வழுக்கும், தூசும் ஒட்டும். முதல் மாதம் வாரம் ஒரு தடவை, பிறகு மாதம் ஒரு தடவை போதும். சற்று விலை கூடிய வழி, சாமான் கடைகளில் விற்கும் கொங்கிறீற் சீலர். தூரிகையால் இரண்டு தரம், முதலாவது காய்ந்த பின் மற்றத் திசையில் இரண்டாவது. எதைப் பூசினாலும் கதவு யன்னலைத் திறந்து விடுங்கள். அடுப்பில் நெருப்பு இருக்கக் கூடாது, விளக்கும் கூடாது. பல பொலிஷ் வகைகள் தீப்பற்றக்கூடியவை.

அடுப்பும் நிலமும்

சீமெந்து நிலத்தில் நேரே கல் வைத்து விறகு எரிக்க வேண்டாம். சூட்டுக்கு நிலம் பொரிந்து வெடிக்கும். அடுப்படிக்குச் செங்கல் அடுக்கிக் களிமண் பூசிய மேடை கட்டுங்கள். 1980களில் இலங்கையில் உருவாக்கப்பட்ட 'அனகி' மண் அடுப்பை அந்த மேடையில் வைத்து மண் பூசிக்கொண்டால் விறகும் மிச்சம், குனிந்து ஊதும் வேலையும் குறையும். மேடையைச் சாணத்தால் மெழுகுங்கள். அதன் மேலும் அருகிலும் பொலிஷ் பூச வேண்டாம்.

கையும் காலும் பத்திரம்

ஈரச் சீமெந்து தோலைச் சுடும். நெருப்புப் போல உடனே தெரியாது. முழங்காலில் நின்று வேலை செய்து, பின்னேரம் பார்க்கும்போது தோல் வெந்திருக்கும். றபர் கையுறையும் பூட்சும் போடுங்கள். இல்லாவிட்டால் தடித்த பொலித்தீன் பைகளைக் கட்டிக்கொள்ளுங்கள். முழங்கால் ஊன்றப் பலகைத் துண்டு ஒன்று வையுங்கள். சீலையோ பாவாடையோ நனைந்தால் உடனே மாற்றி, தோலைத் தண்ணீரால் கழுவுங்கள். கண்ணில் பட்டால் இருபது நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவி, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உலர் சீமெந்து புரட்டும்போது மூக்கு வாயைத் துணியால் கட்டுங்கள். பிள்ளைகளைத் தூரத்தில் வையுங்கள். உடலில் ஷெல் துண்டு உள்ளவர்களும் கை கால் மரத்துப் போனவர்களும் சூட்டை உணரமாட்டார்கள். அவர்கள் கலவையில் கை வைக்காமல் பெட்டி எண்ணும் பொறுப்பை எடுக்கலாம்.

பொய்க்காலோடும் சக்கர நாற்காலியோடும் இருக்கிற எம் சகோதரிகளுக்கு நிலம் போடும் நாள்தான் வசதி செய்யும் நாள். கதவடியில் படி உயர்த்த வேண்டாம். வாசலுக்குச் சாய்தளம் வைப்பதானால் ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம். நிலம் ஆறு அங்குலம் உயர்ந்தால் ஆறு அடி நீளச் சாய்தளம். அதன் மேற்பரப்பைத் தும்புத்தடியால் குறுக்கே கீறிக் கரடாக்குங்கள். பிறகு செய்வோம் என்று விட்டால் இரண்டு மடங்கு செலவு.

ஏற்கெனவே போட்ட நிலம் வெடித்திருந்தால்

முழுவதையும் கிண்டத் தேவையில்லை. ஒரு கல்லால் தட்டிக்கொண்டு வாருங்கள். "டொக் டொக்" என்று பொள்ளலாகக் கேட்கும் இடத்தை மட்டும் சதுரமாக வெட்டி எடுங்கள். கீழே மண் இறங்கியிருந்தால் நிரப்பி இடித்து, நனைத்து, சீமெந்துப் பால் பூசி, புதுப் பூச்சுப் போடுங்கள். அதற்கும் ஏழு நாள் ஈரம் வேண்டும்.

சகோதரிகளே, ஐந்து பை சீமெந்து எல்லோருக்கும் ஒரே தடவையில் வாங்கக்கூடியதல்ல. இந்த மாதம் மண்ணை நிரப்பி இடித்து வையுங்கள். அதற்குக் காசு தேவையில்லை, மழையும் அதை இன்னும் இறுக்கும். சீட்டுக் காசோ நெல்லுக் காசோ வரும்போது கொங்கிறீற்றைப் போடுங்கள். பூச்சு இரண்டு மாதம் பிந்தினாலும் பரவாயில்லை. கரட்டுக் கொங்கிறீற்றின் மேல் சமைக்கலாம். பூச வரும்போது எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேய்த்துக் கழுவி, உளியால் கொத்திக் கரடாக்கி, நனைத்துவிட்டுத் தொடங்குங்கள். சீமெந்தை மட்டும் முன்கூட்டி வாங்கி வைக்க வேண்டாம்.

அடுத்த இதழில் குசினிக்குப் புகைக்கூடு வைப்பது பற்றிப் பார்ப்போம். உங்கள் சங்கத்தில் நிலம் போட்டு முடித்தவர்கள் இருந்தால், எத்தனை பை சென்றது, எத்தனை நாள் எடுத்தது என்று எமக்கு எழுதுங்கள். மற்றவர்களுக்கும் உதவும்.